படிக்கட்டில் எரியாத பல்பு



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை இன்னும் மேசையிலேயே வைத்திருக்கிறேன். எழுதியவர் தூத்துக்குடியில், டபிள்யூ.ஜி.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், காம்ப்ளக்ஸ் மாடியில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண். படிக்கட்டில் பல்பு எரிந்து நான்கு மாதம் ஆகிறதாம். சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் வாடிக்கையாளர் யாரும் ஏறி வருவதில்லை. மாடிக் கோடியில் இருக்கும் கழிப்பறையைப் பூட்டி, சாவியை ஓனர் வைத்துக்கொண்டார். கடையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்பிள்ளைகளும் இரண்டு தெரு தள்ளி இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் போய்வர வேண்டும். அடிக்கடி போகக் கூச்சப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார்கள். வாடகை மட்டும் மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதி தவறாமல் போய்விடுகிறது. கடிதத்தின் கடைசி வரி இது: “வாடகையில பல்புக்கும் கக்கூசுக்கும் சேர்த்துத்தானே அண்ணாச்சி வாங்குறாக?”

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதப் போய், இந்தப் பக்கம் முழுவதும் அதற்கே போய்விட்டது.

இதில் எனக்கும் ஒரு பழைய காயம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் தண்ணீருக்கு நடுவே தவித்தார்கள். ஊருக்குள் நாட்கணக்கில் வெள்ளம். அப்போது எங்கள் இதழின் அலுவலகம் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் கட்டடத்தின் மீட்டர் பெட்டிகள் எல்லாம் கீழே, படிக்கட்டுக்கு அடியில், முழங்கால் உயரத்தில் இருந்தன. தண்ணீர் வடிந்தபின் ஓனரைப் பார்க்கப் போனேன். “அது பொதுவுல உள்ளது சார், எல்லாரும் சேர்ந்து பாத்துக்கோங்க” என்றார். மெடிக்கல் ஷாப்காரர் செல்போன் கடையைக் காட்டினார். செல்போன் கடைக்காரர் ஜெராக்ஸ் கடையைக் காட்டினார். நான் எல்லாரையும் காட்டினேன். ஒன்பது நாள் இருட்டில் இருந்தோம்.

“பொதுவுல உள்ளது” என்ற அந்த வார்த்தை அன்றிலிருந்து காதைவிட்டுப் போகவில்லை. வாடகை பேசும்போது ஷட்டருக்கு உள்ளே எத்தனை சதுர அடி என்று அளக்கிறோம். அட்வான்ஸ் எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு ஏற்றுவார்கள் என்று பேசுகிறோம். படிக்கட்டு, நடைபாதை, மோட்டார், மேல்தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, மீட்டர் பெட்டி, வாசல் ஓடை இவற்றைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவை இல்லாமல் கடை நடக்காது என்பது தெரிந்தும் பேசுவதில்லை.

பொதுவில் உள்ளதை யார் பார்ப்பது என்பதற்கு நம் கடற்கரையிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தூத்துக்குடிப் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் மன்னார் வளைகுடாவின் அந்தப் பக்கத்துக்கும் போய் மூழ்கினார்கள். இலங்கைக் கரையில் மரிச்சுக்கட்டி என்று ஓர் இடம். பருவம் வந்துவிட்டால் வெறும் மணல்காட்டில் ஓலைக் கொட்டகைகளாலான ஓர் ஊரே எழும்பும். ஆயிரக்கணக்கில் மூழ்குபவர்கள், வியாபாரிகள், வட்டிக்காரர்கள், சோற்றுக்கடைக்காரர்கள். 1906-இல் அங்கே அரசு அலுவலராக வேலை பார்த்த லெனார்ட் உல்ஃப் பிற்காலத்தில் அந்த முகாமையும் அழுகும் சிப்பியின் நாற்றத்தையும் பற்றி எழுதியிருக்கிறார். கொண்டுவந்த சிப்பியைக் கொட்டிலில் மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு குவியல் அரசுக்கு, ஒன்று மூழ்கியவர்களுக்கு. கொடுமையான பங்குதான். ஆனால் அப்படி எடுத்துக்கொண்ட அரசுக்கு ஒன்று தெரிந்திருந்தது. குடிதண்ணீர் கெட்டுக் காலரா வந்துவிட்டால் ஒரே வாரத்தில் முகாம் கலைந்து, தன்னுடைய இரண்டு குவியலும் போய்விடும். அதனால் தண்ணீர், துப்புரவு, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் அரசே பார்த்தது. பங்கு வாங்குகிறவன்தான் கிணற்றையும் பார்க்க வேண்டும் என்பது அந்த மணல்காட்டிலேயே புரிந்த விஷயம்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். வாடகைச் சட்டம் என்றதும் பலருக்கும் 1960-ஆம் வருடத்துப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் நினைவுக்கு வரும். அது இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இருக்கிறது. சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் இரு தரப்பின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்துவது அது. நகர்ப்புறத்தில் வீட்டுக்கும் அதுதான், கடைக்கும் அதுதான். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரியை வாடகை அதிகாரியாக நியமித்திருக்கிறார்கள்.

தையல் கடை அக்காவின் கேள்விக்கு நேரான பதில் அந்தச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் இருக்கிறது. அத்தியாவசிய வசதிகளை ஓனர் தானாகவோ ஆள் வைத்தோ நிறுத்தக் கூடாது என்கிறது அது. எவையெல்லாம் அத்தியாவசியம்? தண்ணீர், மின்சாரம், நடைவழி விளக்கு, படிக்கட்டு விளக்கு, லிப்ட், துப்புரவு, கழிப்பறை வசதி, வண்டி நிறுத்துமிடம். ஆமாம், படிக்கட்டு விளக்கு என்று சட்டத்திலேயே இருக்கிறது. முதல்முறை படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. சென்னையில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்களில் யாரோ ஒருவர் இருட்டில் தடவித் தடவி மாடி ஏறியிருக்க வேண்டும். இப்படி வசதியை நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். விசாரணை முடியும் வரை காத்திருக்காமல், உடனே திருப்பிக் கொடு என்று இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு.

கழிப்பறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டது வேண்டுமென்றே நிறுத்திய செயல். அதில் வாதத்துக்கு அதிக இடமில்லை. ஆனால் பல்பு தானாகப் போயிற்று, ஓனர் மாற்றவில்லை என்றால் அது நிறுத்தியதா, கவனிக்காமல் விட்டதா? நம் ஊர் ஓனர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை. எதையும் நிறுத்த மாட்டார்கள். எதையும் பார்க்கவும் மாட்டார்கள். அந்தப் பாராமுகத்துக்கு 15-ஆம் பிரிவும் அதற்கான அட்டவணையும் இருக்கின்றன. கட்டடத்தின் அடிப்படைப் பழுது, வெள்ளையடிப்பு, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, உள்ளும் புறமும் உள்ள ஒயரிங் இவை ஓனர் பாடு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், கண்ணாடி, பூட்டு, கொண்டி இவை வாடகைக்கு இருப்பவர் பாடு.

அந்த இரண்டாவது பட்டியலில் நம் ஊர்க்காரர்கள் நின்று படிக்க வேண்டிய ஓர் இனம் உண்டு. வடிகால் சுத்தம் செய்வது. அதுவும் வாடகைதாரர் தலையில்தான் இருக்கிறது. ஒற்றை வீட்டுக்கு அது சரி. எட்டுக் கடை உள்ள காம்ப்ளக்ஸுக்குப் பின்னால் ஓடும் ஒரே ஓடையை எந்தக் கடைக்காரர் சுத்தம் செய்வது? முன்கடை ஹோட்டல் சோற்றையும் எண்ணெயையும் விட, கடைசிக் கடை ஜவுளிக்காரர் நாற்றத்தைச் சுமப்பார். தூத்துக்குடி தட்டை நிலம். கடல்மட்டத்துக்கும் நம் வாசல்படிக்கும் அதிக வித்தியாசமில்லை. ஊருக்குள் பெய்கிற மழை பக்கிள் ஓடை வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். நம் காம்ப்ளக்ஸ் ஓடையில் அடைத்த அரை அடி மண்ணே நம் கடைக்குள் ஒரு அடித் தண்ணீரை நிறுத்திவிடும். பலரும் சேர்ந்து பயன்படுத்தும் வசதிகளுக்கு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சட்டம் அந்த இடத்தை நம் கையில் விட்டிருக்கிறது. நாமோ முத்திரைத் தாளில், யாரோ எப்போதோ டைப் அடித்த பதினோரு மாத அக்ரிமெண்டில், பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுகிறோம். அதில் ஓடை இல்லை, மோட்டார் இல்லை, கழிவுநீர்த் தொட்டி இல்லை.

கழிவுநீர்த் தொட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொது வசதியைப் பார்க்காமல் விடுவதன் கடைசி விலையைக் கொடுப்பது ஓனருமில்லை, கடைக்காரருமில்லை. 2020 ஜூலையில் நம் மாவட்டத்தின் கீழச்செக்காரக்குடியில் ஒரு வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன நான்கு தொழிலாளர்கள் மூச்சடைத்து இறந்தார்கள். மனிதரை இறக்கக் கூடாது என்ற சட்டம் 2013-லிருந்தே இருக்கிறது. அப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காம்ப்ளக்ஸ்களில் நடப்பது என்ன? தொட்டி நிரம்பும். ஓனரும் கடைக்காரர்களும் ‘நீ பாரு, நீ பாரு’ என்று வாரக்கணக்கில் தள்ளுவார்கள். வழிந்து வாசலுக்கு வந்ததும், லாரிக்குச் சொல்லப் பொறுமையில்லாமல் கைக்குக் கிடைத்த ஆளைக் கூப்பிடுவார்கள். தயவுசெய்து அப்படிக் கூப்பிடாதீர்கள். லாரி வருமட்டும் கடையைப் பூட்டிப்போட்டாலும் பரவாயில்லை.

நடுவில் மாட்டிக்கொள்ளும் கடைக்காரரின் நிலையும் எனக்குப் புரிகிறது. 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, நாள் முழுவதும் நின்றே வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். நல்ல காரியம். நாற்காலியைக் கடைக்காரர் வாங்கிப் போட்டுவிடலாம். கழிப்பறையை எங்கிருந்து வாங்குவார்? அதன் சாவி வேறொருவர் இடுப்பில் அல்லவா தொங்குகிறது.

சரி, ஓனர் செய்யவில்லை. நாம் என்ன செய்வது? பெரும்பாலோர் முதலில் நினைப்பது, ‘வாடகையை நிறுத்திப் பார்ப்போம், தானா வருவாரு’ என்பதுதான். கைகூப்பிக் கேட்கிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தாலே காலி செய்ய வைக்க அது போதிய காரணமாகிவிடும். பல்புக்காகச் சண்டை போட ஆரம்பித்துக் கடையையே இழந்தவர்களை எனக்குத் தெரியும். ஓனர் வாடகையை வாங்க மறுத்தால்கூட வாடகை அதிகாரியிடம் கட்டிவைக்க வழி உண்டு.

நிறுத்துவது வேறு, கழிப்பது வேறு. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவே இதைச் சொல்லிவிட்டது. ஓனர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, நோட்டீஸ் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், வாடகைதாரர் தானே செய்து, செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். வ.உ.சி. பிறந்து பத்து வருடத்தில் வந்த சட்டம் அது. ‘கடமைப்பட்ட’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதாத கடமையை நிரூபிக்க நாய் படாத பாடு பட வேண்டும். 2017-ஆம் வருடச் சட்டமும் இதே வழியைத் திறந்து வைத்திருக்கிறது. ஓனர் மறுத்தால் பொது வசதியானாலும் தனி வசதியானாலும் நாமே சரிசெய்து வாடகையில் கழிக்கலாம். இடம் இருக்கவே லாயக்கில்லாமல் போய், எழுத்தில் கேட்டும் அவர் அசையவில்லை என்றால் பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் எழுத்து வேண்டும். தேதி போட்ட கடிதம், பதிவுத் தபால் ரசீது, பழுதின் போட்டோ, எலக்ட்ரீஷியனின் மதிப்பீடு, பில். போனில் பத்துத் தடவை சொன்னேன் என்பது எங்கேயும் நிற்காது.

உச்ச நீதிமன்றம் 1966-லேயே இப்படி ஒரு வழக்கைப் பார்த்திருக்கிறது. கல்கத்தாவின் ஸ்டீபன் கோர்ட் நிறுவனத்திடம் மூன்று படுக்கையறை உள்ள இடத்தை வாடகைக்குப் பேசியவருக்கு ஓர் அறை கைக்கு வரவில்லை. முழு வாடகையும் கேட்க முடியாது, வாடகையே தராமலும் இருக்க முடியாது, கிடைத்த அளவுக்குக் கொடு என்றது நீதிமன்றம். இந்தத் தராசு எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்டீபன் கோர்ட் என்ற பெயர் எனக்கு வேறொரு காரணத்துக்காகவும் மறக்காது. 2010 மார்ச் 23 அன்று, பார்க் ஸ்ட்ரீட்டில் அந்தப் பெயர் கொண்ட பழைய கட்டடம் தீப்பற்றியது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மேல்மாடிகளில் வேலை பார்த்தவர்கள் மொட்டைமாடிக்கு ஓடினார்கள். மொட்டைமாடிக் கதவு பூட்டிக் கிடந்தது. மாடியில் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நாளைக் காலையில் கடை திறக்குமுன் ஒருதடவை மேலே ஏறி, அந்தக் கதவு திறக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனை சொன்னபின், மனதை அறுக்கும் ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மத்திய, மாநில அரசுகள், உள்ளாட்சிகள், அரசு நிறுவனங்கள் சொந்தமாக வைத்திருக்கும் கட்டடங்களுக்கு 2017-ஆம் வருடச் சட்டம் பொருந்தாது. சமய, அறநிலையச் சொத்துகளுக்கும் விலக்கு அளிக்க அதில் இடமிருக்கிறது. நம் ஊரை எண்ணிப் பாருங்கள். 1866-இல் நகராட்சியாகி, 2008-இல் மாநகராட்சியான ஊர் இது. மாநகராட்சிக் கடைகள், கோயில் கடைகள், துறைமுக இடங்கள், மீன்பிடித் துறைமுகத்தை அண்டிய ஏலக்கூடங்கள். சிறு வியாபாரியின் ஓனர் பல நேரம் ஒரு அண்ணாச்சி இல்லை, ஓர் அலுவலகம். மார்க்கெட் கூரை ஒழுகினால், ஓடை நாறினால் அவர் வாடகை அதிகாரியிடம் போக முடியாது. வாடகை பாக்கி வைத்தால் மட்டும் அவரை வெளியேற்றச் சட்டங்கள் தயாராக இருக்கின்றன. தனியார் ஓனருக்குப் போட்ட கடிவாளத்தை அரசு தனக்கு மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. இது நியாயமில்லை என்று இந்தப் பக்கத்தில் பதிவு செய்கிறேன். அரசு ஓனராக இருக்கும்போது முன்மாதிரி ஓனராக அல்லவா இருக்க வேண்டும்?

அந்த வியாபாரிகளுக்கு நான் சொல்லக்கூடிய வழிகள் குறைவுதான், ஆனால் வெறுங்கையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். நம் மார்க்கெட்டில் மூன்று வருடத்தில் வசூலான வாடகை எவ்வளவு, அதே மார்க்கெட்டின் விளக்கு, ஓடை, கழிப்பறைப் பராமரிப்புக்குச் செலவான தொகை எவ்வளவு? இரண்டே கேள்வி. பதிலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்கு எடுத்துப் போங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. வக்கீல் செலவுக்குப் பயந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி கொடுக்கச் சட்டம் இருக்கிறது.

‘காலி பண்ணச் சொல்லிட்டா என்ன செய்ய?’ என்ற பயம் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பதை அறிவேன். இந்த ஊரில் அந்தப் பயத்தை முதலில் பெரிய அளவில் பார்த்தவர் வ.உ.சி.தான். 1906-இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியபோது அவர் கையில் சொந்தக் கப்பல் இல்லை. ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்துத்தான் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓட்டினார். பிரிட்டிஷ் கம்பெனி நெருக்கியதும் ஷா லைன் கப்பலைத் திரும்ப வாங்கிக்கொண்டது. கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டிக்கொண்டே, பணம் திரட்டி, காலியாவும் லாவோவும் வாங்கினார். எல்லாராலும் கப்பல் வாங்க முடியாது, கட்டடமும் வாங்க முடியாது. வாடகைக்காரராகவே நிமிர்ந்து நிற்க வேண்டியவர்களுக்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

தையல் கடை அக்காவுக்கு நான் எழுதிய பதில் சின்னதுதான். தனியாகக் கேட்காதீர்கள், மாடியில் உள்ள மற்றக் கடைக்காரர்களையும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதுங்கள், ஓனரைக் குற்றம் சொல்லாமல் என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள், 20-ஆம் பிரிவைக் கீழே ஒரு வரியில் குறிப்பிடுங்கள் என்றேன். அடுத்த ஒப்பந்தத்தில் படிக்கட்டு விளக்கு, கழிப்பறை, மோட்டார், ஓடை, கழிவுநீர்த் தொட்டி ஐந்துக்கும் எதிரே யார் பொறுப்பு என்று எழுதிவாங்கி, பதிவும் செய்துகொள்ளுங்கள் என்றேன்.

நேற்றுப் போன் செய்தார். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்களாம். டைப் அடித்துக் கொடுத்தது கீழ்க்கடை ஜெராக்ஸ்காரத் தம்பி. கடிதம் கிடைத்த மூன்றாம் நாள் ஓனரின் மகன் வந்து புது பல்பு மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். கழிப்பறைச் சாவியை அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். இன்னும் வரவில்லை. அக்கா அடுத்த கடிதத்துக்குத் தேதி குறித்துவிட்டார்.

உங்கள் ஒப்பந்தத்தாளை எடுத்துப் பாருங்கள். பொது வசதிகளைப் பற்றி அதில் ஒரு வரியாவது இருந்தால் அந்த வரியை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள். பெயரும் முகவரியும் வெளியிட மாட்டோம். ஐப்பசி மழைக்கு முன் வரும் இதழில் அவற்றில் நல்லதாகச் சிலவற்றைத் தேர்ந்து போடுகிறேன். புதிதாகக் கடை பிடிக்கிறவர்கள் அப்படியே எடுத்து எழுதிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்